எட்டுச் சித்திரமும் ஒரு பள்ளிக்கூடமும்

நியூயார்க் நகருக்குப் போகிறவர்கள் சுதந்திர தேவி சிலையைப் பார்க்கிறார்கள். வானளாவும் கட்டிடங்களை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கழுத்து வலியோடு ஊர் திரும்புகிறார்கள். நேயர்களே, உங்களுக்கு அந்த ஊருக்குப் போகும் வாய்ப்புக் கிடைத்தால், பள்ளிக்கூட நாளாகப் பார்த்து, காலை வேளையில் முதலாம் எண் சுரங்க ரயிலில் ஏறி 66-ஆம் தெரு நிலையத்தில் இறங்குங்கள். கண்ணுக்கும் விருந்து, கழுத்துக்கும் சேதமில்லை.

நிலையத்துச் சுவரிலேயே கலை ஆரம்பித்துவிடுகிறது. கண்ணாடிச் சில்லுகளைப் பதித்து நடன மாதரையும் கழைக்கூத்தாடிகளையும் பாடகிகளையும் அங்கே உலவவிட்டிருக்கிறார் நான்ஸி ஸ்பெரோ என்ற ஓவிய அம்மையார். படியேறி மேலே வந்தால் லிங்கன் சென்டர். நடுவே நீரூற்று. அதற்கப்பால் 1966-இல் திறக்கப்பட்ட மெட்ரோபாலிடன் இசை நாடக அரங்கு. அதன் நெடிய கண்ணாடிகளுக்குப் பின்னே மார்க் ஷகால் தீட்டிய இரண்டு மாபெரும் ஓவியங்கள், ஒன்று செக்கச் செவேலென்று, மற்றொன்று மஞ்சளாக. காலை வெயில் பட்டு வர்ணம் மங்காமலிருக்கத் திரை போட்டு வைப்பார்கள்; ஆகவே அவற்றை மாலையில் வந்து பார்த்துக்கொள்ளலாம். இப்போது அரங்கைச் சுற்றிக்கொண்டு பின்புறம் வாருங்கள்.

அது ஆம்ஸ்டர்டாம் அவென்யூ. கதவிலக்கம் 100. ஆள் உயரப் பெட்டியில் செல்லோ வாத்தியத்தைச் சுமந்துகொண்டு ஒரு சிறுமி வருகிறாள். பெட்டிக்குக் கால் முளைத்து நடந்து வருவதுபோல் இருக்கிறது. பின்னாலேயே நடனக் கொண்டை போட்ட இரண்டு பெண்கள். ஒரு பையன் தட்டையான கறுப்புப் பை ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, காற்று அதைப் பாய்மரம்போல் பிடித்து இழுக்க, அதோடு மல்லாடியபடி ஓடுகிறான். சித்திரம் படிக்கிற பிள்ளை என்று கேட்காமலே தெரிந்துவிடும்.

இதுதான் லாகார்டியா கலை உயர்நிலைப் பள்ளி. முழுப் பெயரைச் சொல்ல வேண்டுமானால் நடுவில் ஒரு தடவை மூச்சு வாங்க வேண்டும்: ஃபியொரெல்லோ ஹெச். லாகார்டியா இசை, ஓவிய, நிகழ்கலை உயர்நிலைப் பள்ளி. 1934 முதல் 1945 வரை அந்நகரத்தின் மேயராக இருந்தவர் லாகார்டியா. அவருடைய தகப்பனார் ராணுவத்தில் பாண்டு வாத்தியக் குழுத் தலைவர். அந்த வாசனையோ என்னவோ, வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய 1936-ஆம் ஆண்டில், இசையும் ஓவியமும் கற்க ஆசைப்படும் ஏழைப் பிள்ளைகளுக்கும் இடம் உண்டு என்று ஒரு பொதுப் பள்ளியைத் திறந்தார். தம் ஆட்சியில் மிகவும் நம்பிக்கையூட்டிய காரியம் இதுதான் என்று அவர் கருதினாராம். முதலில் அது ஹார்லம் பகுதியில், 135-ஆம் தெருவில், கோட்டை கொத்தளம்போல் கோபுரங்கள் வைத்த கட்டிடத்தில் நடந்தது. ‘குன்றின் மேல் கோட்டை’ என்றே பிள்ளைகள் அழைத்தார்கள். நாடகமும் நடனமும் கற்பித்த வேறொரு பள்ளி 46-ஆம் தெருவில் இருந்தது. 1980-இல் வெளிவந்த ‘ஃபேம்’ என்ற திரைப்படத்தின் கதை அந்தப் பள்ளியைப் பற்றியதுதான். இரண்டையும் 1961-இல் காகிதத்தில் ஒன்றாக்கினார்கள். ஒரே கூரையின் கீழ் வந்து சேர்ந்தது 1984-இல், இந்தக் கட்டிடத்தில்.

“சம்பளம் எவ்வளவு?” என்று கேட்கிறீர்கள். ஒரு காசு கிடையாது! அரசாங்கப் பள்ளி. நகரத்தில் வசிக்கும் எந்த வீட்டுக் குழந்தையும் எட்டாம் வகுப்புப் படிக்கும்போது மனுப் போடலாம். அதனால்தான் போட்டி. வாத்தியக்காரன் வாசித்துக் காட்ட வேண்டும். பாடகி பாட வேண்டும். ஓவியம் படிக்க விரும்புகிற குழந்தை தான் வரைந்த படங்களை ஒரு கட்டாகச் சேர்த்துக் காட்ட வேண்டும். இந்தக் கட்டுக்குப் பெயர்தான் ‘போர்ட்ஃபோலியோ’. பதின்மூன்று வயதுக் குழந்தை, ‘நான் யார், என் கண் எதைப் பார்க்கிறது’ என்று முன்பின் தெரியாத ஆசிரியர்களுக்குச் சொல்லும் கட்டு அது. வகுப்பு மதிப்பெண்களையும் பார்ப்பார்கள். 1971-இல் மாநிலம் இயற்றிய சட்டமே கலைத்தேர்வோடு படிப்புத் தேர்ச்சிக்கும் சான்று வேண்டும் என்கிறது. ஆனால் மதிப்பெண்ணுக்கு எவ்வளவு எடை, கலைக்கு எவ்வளவு எடை என்பது ஓயாத சண்டை. 2019-இல், ‘கலைக்கு உரிய இடத்தைக் கொடுங்கள்’ என்று அந்தப் பள்ளி மாணவர்களே தாழ்வாரத்தில் உட்கார்ந்து கிளர்ச்சி செய்தார்கள். படிப்புக் குறையட்டும் என்று பிள்ளைகள் கேட்பது நம் ஊரிலும் உண்டு. அதற்குக் காரணம் மட்டும் வேறு.

இனி என்னோடு ஏழாம் எண் ரயிலில் ஏறி, கடைசி நிலையமான ஃபிளஷிங்குக்கு வாருங்கள். குவீன்ஸ் பகுதியைச் சேர்ந்த ஊர். 1977-இல் கும்பாபிஷேகமான பிள்ளையார் கோயில் இங்கே பௌன் தெருவில் இருக்கிறது. கோயிலின் கீழ்த்தளத்து உணவகத்தில் தோசை வாங்கச் சனிக்கிழமைகளில் வரிசை நிற்கும். அந்தக் கோயிலிலிருந்து நடக்கிற தூரத்தில், எனக்குத் தெரிந்த ஒரு தமிழ்க் குடும்பத்தில் நவம்பர் மாதம் நான்கு நாள் தங்கியிருந்தேன். அந்த வீட்டுப் பெண்ணுக்கு வயது பதின்மூன்று. லாகார்டியாவுக்கு மனுப் போடுகிறாள். டிசம்பர் ஆரம்பத்தில் கெடு. வீடு கல்யாண வீடுபோல் அமளிப்பட்டது.

சாப்பாட்டு மேஜையில் சாப்பிட இடமில்லை. எங்கும் படங்கள். எத்தனை படம், என்னென்ன வகை என்ற விதி ஆண்டுக்கு ஆண்டு சற்று மாறும். நகரக் கல்வித் துறை அந்தந்த ஆண்டு வெளியிடுவதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தப் பெண் எட்டுப் படங்களைப் பொறுக்க வேண்டியிருந்தது. இருந்தவையோ ஐம்பதுக்கு மேல். வரைவது கஷ்டம் என்று நினைத்திருந்தேன். பொறுக்குவதுதான் கஷ்டம் என்று அந்த வீட்டில் கண்டேன்.

தாயாருக்கு ஒரு படத்தின்மேல் உயிர். ஒரு சினிமா நடிகையின் முகம்; பென்சிலில் வரைந்தது. கண்ணிமை ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. உதட்டில் மினுமினுப்பு. மூன்று வாரம் ஒரு தனிப் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்து முடித்ததாம். அந்த அம்மாள் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளிலும் கூடுதலாக வேலை செய்து அந்த வகுப்புக்குப் பணம் கட்டியிருக்கிறார். கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டியும் ஆயிற்று.

“இதைத்தான் முதல்ல வைக்கணும். நீங்களே சொல்லுங்க, போட்டோ மாதிரியே இல்லே?” என்றார் என்னிடம்.

“அதான் தப்பு, ஆன்ட்டி. போட்டோவைப் பார்த்துத்தான் போட்டேன். பாதி மூக்கு சாரே போட்டுட்டார்” என்றாள் பெண்.

தாயாரின் முகம் சிவந்துவிட்டது. “எத்தனை ஞாயித்துக்கிழமை, தெரியுமா?” என்று சொல்லிவிட்டு எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். பாத்திரங்கள் சற்றுப் பலமாகவே பேசின.

பெண் சொன்னதில் நியாயம் உண்டு, வாசகர்களே. புகைப்படத்தைப் பார்த்தோ, கார்ட்டூனைப் பார்த்தோ, மற்றவர் ஓவியத்தைப் பார்த்தோ நகல் எடுத்த படத்தை இந்தப் பள்ளிகள் விரும்புவதில்லை. பழைய முறையில், படக் கட்டைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகள் நேரிலேயே போவார்கள். அங்கேயே மூன்று சோதனை. ஆளை நேரில் பார்த்து வரைய வேண்டும். பொருள்களை ஞாபகத்திலிருந்து வரைய வேண்டும். கற்பனையாக ஒரு காட்சியை வர்ணத்தில் தீட்ட வேண்டும். 2020-ஆம் ஆண்டுத் தொற்றுநோய் வந்து அந்த நேர்முகத்தை மாற்றிவிட்டது. படங்களைப் புகைப்படமாக்கிக் கணினி வழியாக அனுப்பும் வழக்கம் ஏற்பட்டது. முறை மாறினாலும் தேடுவது அதையேதான்: பார்த்து வரைவது, நினைத்து வரைவது, கற்பனை செய்து வரைவது. புகைப்படம் என்பது காமிரா ஏற்கெனவே பார்த்து முடித்துவிட்ட காட்சி. அதை நகல் எடுக்கிற குழந்தைக்குப் பொறுமை உண்டென்று தெரியும். கண் உண்டா என்று தெரியாது.

இங்கே இரண்டு பழைய கதைகளைச் சொல்லிவிடுகிறேன். பாத்திரச் சத்தம் அடங்க நேரமாகும்.

பள்ளி தொடங்கப்போகிற சமயம். பிராங்ஸ் பகுதியில் ஒரு பள்ளியில் சில பிள்ளைகளை ஓர் அறையில் உட்காரவைத்துக் காகிதத்தைக் கொடுத்து, “வரையுங்கள்” என்றார்கள். அவர்களில் ஒருவன் ஆல் ஜாஃபி. சிறு வயதில் தாயார் அவனை லிதுவேனியா நாட்டில் ஜராசாய் என்ற சிற்றூருக்கு அழைத்துப் போய்விட்டதால் அங்கே வளர்ந்து, அப்போதுதான் சில ஆண்டுகளுக்கு முன் அமெரிக்கா திரும்பியிருந்தான். நியூயார்க்கின் கட்டிடங்களை அவன் வரையவில்லை. தன் ஊர்ச் சந்தைச் சதுக்கத்தை நினைவிலிருந்து போட்டான். அவனும் அதே அறையிலிருந்த இன்னொரு பையனும் தேர்வானார்கள். அந்த மற்றொரு பையன் பிற்காலத்தில் வில் எல்டர் என்று பெயர் பெற்றவன். இருவரும் 1936-இல் பள்ளியின் முதல் கூட்டத்தில் சேர்ந்தார்கள். அங்கே படித்த ஹார்வி கர்ட்ஸ்மன் 1952-இல் ‘மேட்’ என்ற நகைச்சுவைப் பத்திரிகையைத் தொடங்கியபோது எல்டர் கூட இருந்தார். ஜாஃபி பின்னால் வந்து சேர்ந்து, தொண்ணூற்றொன்பது வயது வரை அதற்குப் படம் போட்டார். 2023-இல் காலமானபோது அவருக்கு வயது 102.

மற்றொருவர் மில்டன் கிளேஸர். சிவப்பு இதயத்தை நடுவே வைத்து ‘நான் நியூயார்க்கை நேசிக்கிறேன்’ என்று சொல்லும் சின்னத்தை நீங்கள் பனியனிலும் காபிக் கோப்பையிலும் பார்த்திருப்பீர்கள். அதை 1977-இல் உருவாக்கியவர். பள்ளிப் பையனாக இருந்தபோது அவருடைய விஞ்ஞான ஆசிரியர், “விஞ்ஞானப் பள்ளித் தேர்வு எழுது” என்று ஊக்கிவந்தார். ஓவியப் பள்ளித் தேர்வும் அதே நாளில் வந்தது. பையன் ஓவியத்துக்குப் போய்விட்டான். மறுநாள் ஆசிரியர் அழைத்தாராம். திட்டு விழும் என்று நடுங்கிக்கொண்டு போனவனுக்கு, மேஜைக்குள்ளிருந்து ஒரு பெட்டி விலையுயர்ந்த பிரெஞ்சு வர்ணக் கட்டிகளை எடுத்துக் கொடுத்து, நல்ல வேலை செய்ய வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். அந்த ஆசிரியரை நினைத்தால் எனக்கு இன்னும் தொண்டை அடைக்கிறது.

சரி, பெண்ணின் மேஜைக்குத் திரும்புவோம்.

இவளுடைய ஓவியப் பள்ளிக்கூடம் முக்கால்வாசி அந்த ஏழாம் எண் ரயில்தான். குவீன்ஸில் பெரும்பாலும் அது உயரப் பாலத்தின்மேல் ஓடுகிறது. ஜன்னல் வழியாக நல்ல வெளிச்சம். மடியில் சிறு நோட்டு, கையில் பென்சில்.

“தூங்கறவங்கதான் பெஸ்ட் மாடல், ஆன்ட்டி. அசையவே மாட்டாங்க. ஜங்ஷன் பொலிவார்ட் வந்தா மட்டும் திடீர்னு எழுந்து இறங்கிடுவாங்க.”

அதனால் நோட்டு முழுதும் முடியாத மனிதர்கள். ஒருவருக்குத் தலையும் தோளும். இன்னொருவருக்கு ஷூ மட்டும். ஆனால் களைத்த உடம்பு எப்படிச் சாயும் என்பது அந்த அரைகுறைக் கோடுகளில் இருந்தது. கூடத்தில் மாட்டிய நடிகை முகத்தில் அது இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்குப் போவாளாம். அங்கே பென்சிலால் வரைய அனுமதி உண்டு. மையும் வர்ணமும் கூடாது. வெளியூர்க்காரர்களுக்கு நுழைவுக் கட்டணம் சுருக்கென்று உறைக்கும். நியூயார்க் மாநிலத்தில் வசிப்பவர்கள் இஷ்டப்பட்டதைக் கொடுத்துவிட்டுப் போகலாம்.

எட்டில் என்னென்ன வைத்தாள் என்று கேட்பீர்கள். கண்ணாடியைப் பார்த்துத் தன் முகம், கரியில். சிரிக்கவில்லை, மூக்குக் கண்ணாடி சற்றுச் சரிந்திருக்கிறது. எவர்சில்வர் டவராவும் டம்ளரும் ஒரு பூண்டும், பளபளப்பு எங்கே, நிழல் எங்கே என்று சோதித்த படம். படுக்கையறைக் கதவிலிருந்து பார்த்த நடை, தூர இருப்பது சிறுத்துப் போகும் கணக்கோடு. ரயிலில் தூங்குகிறவர்கள். கோயில் உணவகத்தில் தோசைக் கல்லருகே நிற்பவரின் முதுகு, நீர்வர்ணத்தில். ஒட்டுப்படம் ஒன்று, ரயில் சீட்டும் அரிசிப் பை அச்செழுத்தும் வெட்டி ஒட்டியது. கற்பனைப் படத்தில், பாலத்தின்மேல் ரயில் ஓட, அதன் தூண்களைப் புள்ளிகளாக வைத்துத் தெருவெல்லாம் கோலம்! அதைப் பார்த்து நான் வாய்விட்டுச் சிரித்தேன், அவளுக்கும் பெருமை. பென்சில், கரி, நீர்வர்ணம், ஒட்டு என்று வகை வகையாக இருப்பது நல்லது. வகைக்காகத் தெரியாத வித்தையைக் காட்டப் போனால் அது முகத்தில் தெரிந்துவிடும்.

அது ஏழு. எட்டாவது எது என்பதில்தான் தகராறு. தாயார் நடிகையை விடவில்லை. பெண் நோட்டிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து வைத்தாள். பாட்டியின் கைகள். முருங்கைக்கீரை ஆய்கிற இரண்டு கைகள் மாத்திரம், முகமில்லை, புடவையில்லை. பலமுறை அழித்து அழித்து வரைந்ததால் காகிதம் அங்கங்கே நைந்திருந்தது. அழித்த கோடுகளும் மங்கலாகத் தெரிந்தன.

சமையலறையிலிருந்து வந்த தாயார் அதைப் பார்த்துவிட்டு, “இது என்ன, விரலெல்லாம் வீங்கின மாதிரி போட்டிருக்கே? சரியா வரலைன்னா விட்டுட வேண்டியதுதானே?” என்றார்.

மூலையில் உட்கார்ந்திருந்த பாட்டி தலை நிமிராமலே, “வீங்கித்தான் இருக்கு” என்றார்.

“என்ன சொல்றீங்க, அத்தை? எப்பலேர்ந்து?”

“கோடைக்கு முன்னாடியே. நீ கடைக்கும் வீட்டுக்குமா ஓடிண்டிருக்கே. உன்கிட்ட இதை வேற சொல்லணுமாக்கும்.”

மருமகள் மாமியாரின் கையைப் பிடித்து விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். படத்தையும் பார்த்தார். மருந்துக் கடையில் நாள் முழுதும் ஊரார் வியாதிக்கு மாத்திரை எண்ணிக் கொடுக்கிறவர். கணு ஒவ்வொன்றும் படத்தில் எப்படிப் புடைத்திருந்ததோ, அப்படியேதான் இருந்தது. நடிகையைப் பற்றி அப்புறம் அவர் பேசவில்லை. ஆணியிலிருந்து கழற்றவுமில்லை, அது அவருடைய ஞாயிற்றுக்கிழமைகள் அல்லவா!

எனக்கு அந்தப் பயிற்சி வகுப்பின்மேல் கொஞ்சம் கோபம்தான். நிழல் போடவும் அளவு பார்க்கவும் கற்றுக்கொடுக்கட்டும். குழந்தையின் காகிதத்தில் பெரியவர் கை எதற்கு? ஆனால் சில பள்ளிகளில் நல்ல ஓவிய ஆசிரியர் இருக்கிறார், பல பள்ளிகளில் இல்லை. இல்லாத பள்ளிக் குழந்தையின் தாய் வேறு எங்கே போவாள்? மேயர் ஏழைப் பிள்ளைகளை நினைத்துத் திறந்த கதவுக்கு வெளியே, பணம் கட்டி ஏறும் ஏணிகள் முளைத்திருக்கின்றன. அந்த வீட்டில் நான் கண்ட நல்ல பாடங்களுக்கோ காசு செலவில்லை: ஒரு நோட்டு, இரண்டு மூன்று மெதுவான பென்சில்கள், அழுக்கை ஒற்றி எடுக்கும் களிமண் போன்ற ரப்பர், பார்ப்பதற்கு வீட்டு மனிதர்கள்.

மறுநாள் படம் பிடிக்கும் வைபவம். படத்தைத் தரையில் வைத்துப் பிடித்தால் பிடிப்பவர் நிழல் விழும். விளக்கின் கீழே பிடித்தால் காகிதம் மஞ்சளாகிவிடும். ஆகவே வெயில் நேரே விழாத ஜன்னலருகே, சுவரில் ஒட்டி, டெலிபோனைப் படத்துக்கு நேராக, சாயாமல் பிடித்தாள். ஓரம் நான்கும் தெரிகிறதா என்று தகப்பனார் மேற்பார்வை. கரிப் படத்தின்மேல் யாரும் கையை வைக்கக் கூடாதென்று 144 தடையுத்தரவு. பாட்டியின் கைகளை மூன்று தடவை எடுத்தும், அழித்த கோடுகள் விழவில்லை. கணினியில் வெளிச்சத்தைக் கூட்டி அவற்றை மறைத்துவிடலாம் என்றார் தகப்பனார். “வேண்டாம்ப்பா, அதுவும் தெரியணும்” என்று நாலாவது தடவை எடுத்தாள். ஒவ்வொன்றுக்கும் தலைப்பு, எதால் வரைந்தது, என்ன அளவு என்று குறிப்பு எழுதி, இரவு ஒன்பது மணிக்கு அனுப்பி முடித்தாள்.

லாகார்டியா ஒன்றே கதியென்று அவள் இருக்கவில்லை. பட்டியலில் அஸ்டோரியாவிலுள்ள ஃபிராங்க் சினாட்ரா கலைப்பள்ளியும் உண்டு. அது வீட்டுக்குச் சற்றுப் பக்கம். பாடகர் டோனி பென்னெட் 2001-இல் ஏற்படுத்திய பள்ளி. அவரே சிறுவயதில் மன்ஹாட்டனில் ஒரு கலைத்தொழில் பள்ளியில் ஓவியம் பயின்றவர் என்பது பலருக்குத் தெரியாது. முடிவு மார்ச் மாதம் தெரியும்.

நான் கிளம்பிய அன்று பாட்டியை மூட்டு வைத்தியரிடம் அழைத்துப் போவதற்கு மருமகள் கடையில் லீவு சொல்லிவிட்டார். கூடவே வருவேன் என்று பெண்ணும் நோட்டும் பென்சிலுமாகத் தயாராக நின்றாள். டாக்டர் வீட்டு முன்னறையில் காத்திருப்பவர்கள் ரயில்காரர்களைவிட மேலாம். ஒரு மணி நேரம் அசையமாட்டார்களாம்.